ராபர்ட்டின் கழுத்து

கண்டக்டர் விசில் அடித்தும் ராபர்ட் வண்டியை எடுக்கவில்லை. இருக்கையிலிருந்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, மார்பு, தோள், தலை மூன்றையும் ஒரே பலகை போல வலப்பக்கம் திருப்பிச் சாலையைப் பார்த்தார். பிறகு அதே பலகையை இடப்பக்கம் கொண்டுவந்து படிக்கட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற லாரி பொறுமை இழந்து ஹாரன் அடித்தது. "இருடா, எங்க போயிடப் போற?" என்று கண்ணாடிக்குள் தெரிந்த லாரியிடம் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போட்டார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் புறப்பட்டு நெல்லிக்குப்பம், கடலூர் வழியாகச் சிதம்பரம் போகிற தனியார் பஸ் அது. ராபர்ட்டுக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒல்லியான உடம்பு, சாயம் பூசாத நரைத்த கிருதா, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் எப்போதும் திறந்திருக்கும். நான் நெல்லிக்குப்பத்தில் ஏறி டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்காருவேன். சிதம்பரத்தில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை எனக்கு. எதைப் படித்தாலும் தப்பு இருக்கும் என்று நினைத்தே படிக்க வேண்டிய வேலை. நாளாக ஆக மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ராபர்ட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், ராத்திரி சாப்பிட்ட சரக்கு இன்னும் இறங்கவில்லையோ என்பது. அடுத்தது, ஆள் திமிர் பிடித்தவரோ என்பது. வணக்கம் சொன்னால் திரும்ப மாட்டார். பதில் கண்ணாடிக்குள்ளிருந்துதான் வரும்.

இரண்டும் தப்பு. மனிதர் சொட்டுக்கூடக் குடிப்பதில்லை. கழுத்து திரும்புவதில்லை, அவ்வளவுதான்.

சந்தேகப்படுகிற விஷயத்தில் நான் அவரிடம் டியூஷன் படிக்கலாம். டீக்கடையில் வெளியே நிற்க மாட்டார், பாலில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்க்க அடுப்புக்கு அருகில் போய் நிற்பார். யாராவது பிரசாதம் என்று ஸ்வீட் நீட்டினால் வாங்கி டாஷ்போர்டில் வைத்துவிட்டு, கொடுத்தவர் முதலில் சாப்பிடுகிறாரா என்று கண்ணாடியில் கவனிப்பார். "சும்மா தர்றாங்கன்னா அதுல என்னமோ இருக்குது சார்" என்பது அவருடைய முடிவான கருத்து. நல்ல செய்தி எதைச் சொன்னாலும் "இருக்கட்டும், பாப்பம்" என்பார். கெட்ட செய்தியை மட்டும் உடனே நம்பிவிடுவார்.

கண்டக்டர் அருள்முருகன் மீது அவருக்குத் தனிச் சந்தேகம். இருவரும் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அருள்முருகன் வீட்டுச் சாப்பாட்டில் பாதியை ராபர்ட் சாப்பிடுவார். ஆனால் அருள்முருகனின் தம்பிக்குப் போன வருஷம் ஹெவி லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து அருள்முருகன் "ஒடம்பு எப்பிடி மாமா இருக்குது?" என்று கேட்டால்கூட ராபர்ட்டுக்கு உதைக்கிறது. "நான் எறங்குனா யாரு ஏறுவா? மொதல்ல அத யோசிங்க சார்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் சந்தேகப்படுவது கைகளை. தன் கழுத்துக்கு அருகில் எந்தக் கை வந்தாலும் ஆகாது. ஆயுத பூஜைக்கு முதலாளி போட வந்த மாலையைக் கையிலேயே வாங்கிக்கொண்டார். பண்டிகை நாளில் மாதா கோயிலில் தோளில் கை போட்ட மச்சினனிடம் சண்டைக்கே போய்விட்டாராம். முடிவெட்டப் போனால், வெட்டுகிறவர் பின்னால் நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நின்று கண்ணாடியில் தெரிகிற மாதிரி வெட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து சலூன்களில் ஷேவிங் முடிந்ததும் ஒரு சொடக்கு உண்டு. ஒரு கை தாடையில், ஒரு கை உச்சந்தலையில். அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. இரண்டு பக்கமும் சத்தம் வந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடந்ததாக அர்த்தம். குனிந்தே புரூஃப் பார்க்கிற எனக்கும் கழுத்து வலி உண்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சொடக்கு எனக்கு அமிர்தம். ராபர்ட்டும் வருஷக்கணக்காக அப்படி எடுத்துக்கொண்டவர்தான். ஒரு நாள் தப்பிவிட்டது.

"டக்குனு கேட்டுச்சு. வழக்கமா கேக்குற டக்கு இல்ல சார், அது வேற டக்கு. இங்கேருந்து கரண்ட் அடிச்ச மாரி கட்ட விரல் வரைக்கும் எறங்குச்சு. அன்னைக்கு பூரா அந்த வெரலு என்னுதே இல்ல. ஸ்டியரிங்கப் புடிச்சா யாரோ புடிக்கிற மாரி இருந்துச்சு."

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஆபரேஷன் எதுவும் தேவையில்லை, பிசியோதெரபி போதும் என்று சொல்லியிருக்கிறார். ராபர்ட் அதையும் நம்பவில்லை. பெரிதாக ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்தார். விரல் மரத்துப்போனது சில நாட்களில் சரியாகிவிட்டது. கழுத்து மட்டும் அன்றைக்கு இறுகியது இறுகியதுதான்.

பஸ் முதலாளி சபாநாயகம் சிதம்பரத்தில் சன்னதித் தெருவை ஒட்டிக் குடியிருப்பவர். கெட்டவர் அல்லர். பஸ் நிறுத்தும் செட்டில் வைத்து என் காது கேட்கத்தான் ராபர்ட்டிடம் சொன்னார்: "ராபர்ட்டு, ஒன்ன மாரி டிரைவரு எனக்குக் கெடைக்க மாட்டான். ஆனா திரும்பாத கழுத்த நம்பி வண்டியக் குடுத்தேன்னா நாளைக்கு கோர்ட்ல நான்தான் நிக்கணும். பொங்கல் வரைக்கும் பாக்கறேன். காட்டுமன்னார்கோயில்ல ஒரு வைத்தியரு இருக்காரு, நம்ம சொந்தக்காரருதான். ஒரே திருப்பு, சரியாப் போயிடும். அது வேணாம்னா செட்டுல வாட்ச்மேன் வேல இருக்குது."

ஒரே திருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ராபர்ட்டின் தோள் இரண்டும் காதுக்கு ஏறியதை நான் பார்த்தேன். வாட்ச்மேன் என்ற சொல்லுக்கு அவர் அசையவே இல்லை. பஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியிடம் பேசினார். "எங்கப்பா ஆலைக்கு கரும்பு வெட்டுனவரு சார். லாரில லோடு மேல குந்திக்கிட்டுதான் வருவாரு. முன்னாடி சீட்டுல ஒரு நாளும் ஏத்துனதில்ல. எங்க தெருவுல மொத ஸ்டியரிங்கு நான் புடிச்சது. இப்பப் போயி கேட்டத் தொறந்து மூடற வேலையா?"

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடியில் பிசியோதெரபி பார்க்கிற அனுப்பிரியா என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னது அருள்முருகன். அவர் மனைவிக்கு அங்கே தோள்பட்டை சரியாகியிருந்தது. கண்டக்டர் சொன்ன இடம் என்பதாலேயே ராபர்ட் ஒரு மாதம் போகவில்லை. பிறகு பொங்கல் நெருங்குகிற பயத்தில் போய்வந்தார். மறுநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், திரும்பும் டிரிப்புக்கு நேரம் இருந்தபோது, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல சார். தொடவே இல்ல."

"தொடாமல் என்ன வைத்தியம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எதிர்ல சேர் போட்டு குந்திக்கிட்டாங்க. எப்பிடி தூங்கற, வண்டில எப்பிடி குந்தற, என்னா வேல, எங்க வீடு, எல்லாம் கேட்டாங்க. திரும்பச் சொன்னாங்க, திரும்புனேன். கை வைக்க வேணாம், நீங்களே பண்ணிக்கலாம்னுட்டாங்க. ராத்திரி ஒரு தலையணதான் வச்சுக்கணுமாம். வெந்நீர்ல துண்ட நனைச்சுப் பிழிஞ்சு கழுத்துல போட்டுக்கணுமாம். வண்டி நிக்கற எடத்துல தாடைய உள்ள இழுக்கணுமாம், ரெட்டத் தாடை வுழற மாரி. அப்பறம் திரும்பறப்ப மொதல்ல கண்ணு போவணும், அதுக்குப் பின்னாடி தல போவணும். வலி வர்ற எடத்துக்கு முன்னாடியே நின்னுடணுமாம். இதுக்கு எதுக்கு சார் படிப்பு?"

எனக்கும் அது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. ஜோசியம் பார்ப்பவர்கூடக் கையைப் பிடித்துத்தான் பார்க்கிறார். கழுத்தில் கை வைக்காமல் கழுத்து வைத்தியம் என்றால், படுக்கையில் படுக்கவைக்கச் சோம்பல், வேறென்ன? என் அலமாரியில் இரண்டு வகைத் தைலம், ஒரு கழுத்துப் பட்டை, விளம்பரம் பார்த்து வாங்கிய வளைந்த தலையணை ஒன்று எல்லாம் இருந்தன. எல்லாமே ஏதாவது ஒரு விதத்தில் கழுத்தைத் தொட்டவை. அப்படிப்பட்ட எனக்கு அந்தப் பெண்ணின் மேல் நல்ல எண்ணம் வரவில்லை.

இருந்தாலும் ராபர்ட் சில நாட்கள் அவள் சொன்னதைச் செய்துபார்த்தார். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொள்கிற காலம் அது. வண்டி நிற்கும். ராபர்ட் தாடையை உள்ளே இழுப்பார். கண் மெல்ல ஓரத்துக்குப் போகும், தலை தயங்கித் தயங்கிப் பின்னாலே போகும். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்த ஒரு அம்மாள் "எந்தக் கோயிலுப்பா?" என்று எட்டிப் பார்த்தார். ஒரு வாரத்தில் தலை கொஞ்சம் இளகியதாக எனக்குத் தோன்றியது.

திடீரென்று நிறுத்திவிட்டார். டிராக்டர் நிற்கும், வண்டி நிற்கும், ராபர்ட் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். பழையபடி பலகை திரும்பத் தொடங்கியது. ஏன் என்று கேட்டதற்கு, "அவுங்க சொன்னத நான் ஏன் சார் பண்ணணும்?" என்றார். குரலில் அப்படி ஒரு கசப்பு. நான் விடவில்லை. புதுச்சத்திரத்தில் பஞ்சர் பார்க்க வண்டி நின்றபோது, புளியமரத்தடியில் வைத்துக் கேட்டேன். முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னார்.

"எங்க வீடுன்னு கேட்டாங்கன்னு சொன்னேன்ல. மேல்பட்டாம்பாக்கம் பக்கம், காலனின்னு சொன்னேன். அதுவரைக்கும் எந்திரிச்சு என் பக்கம்தான் வந்தாங்க. காலனின்னதும் நின்னுட்டாங்க. அதுக்கப்பறம்தான் சார் கை வைக்க வேணாம்னது."

எனக்குச் சுருக்கென்றது. நான் நெல்லிக்குப்பத்தில் கடைத்தெருவை ஒட்டிக் குடியிருப்பவன். என் வீடு எங்கே என்று சொல்லும்போது எந்தச் சொல்லும் என் தொண்டையில் நிற்பதில்லை. "அப்படியெல்லாம் இருக்காது, இந்தக் காலத்தில் யார்..." என்று ஆரம்பித்தேன். ராபர்ட் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு இருக்காது சார்" என்றார்.

வெறும் ஊகத்தில் நிற்கிற ஆளும் இல்லை அவர். ஓய்வு நாளில் அந்த மாடிக்கே போய், வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, பாதி திறந்த கதவு வழியாக வேவு பார்த்திருக்கிறார். "ஒரு பாட்டிம்மா காலப் புடிச்சு நீட்டி வுட்டாங்க. ஒரு பையன் தோளப் புடிச்சு சுத்துனாங்க. நல்லாத்தான் தொடறாங்க சார் எல்லாரையும்." அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஒரு மனிதர் இப்படிப்பட்ட வெற்றிக்காக நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்க எனக்கு வேதனையாக இருந்தது. கூடவே, அந்தப் பெண்ணின் மேல் எனக்கிருந்த சந்தேகம் இப்போது வேறு நிறத்துக்கு மாறியது.

பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அது நடந்தது. கரும்பு டிராக்டரை முந்திவிட்டு ராபர்ட் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். பால் கேனோடு ஒரு மொபெட் அங்கே இருந்தது. பலகை திரும்பி முடிப்பதற்குள் அருள்முருகன் பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று அடித்து, "மாமா! ஆளு! ஆளு!" என்று கத்திவிட்டார். மொபெட்காரர் மணலில் இறங்கிச் சாய்ந்தார். அடி இல்லை, பால்தான் கொஞ்சம் கொட்டியது. எழுந்து வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, "திரும்பிப் பாத்து ஓட்ட மாட்டியா? கழுத்துல என்ன கட்டையா வச்சிருக்க?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். யாரோ போனில் எடுத்த வீடியோ நாங்கள் சிதம்பரம் போவதற்குள் சபாநாயகத்துக்குப் போய்விட்டது. வருகிற சனிக்கிழமை காட்டுமன்னார்கோயில் வைத்தியர் செட்டுக்கே வருவார், கழுத்தைக் கொடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

வீடியோ எடுத்தது அருள்முருகன்தான் என்று ராபர்ட் என்னிடம் சத்தியம் செய்தார். தகரத்தில் அடித்துக் கத்தியவருக்கு வீடியோ எடுக்க எந்தக் கை மிச்சம் இருந்தது என்று நான் கேட்டேன். யோசித்தார். "இருக்கட்டும், பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னைக் கேட்டது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, பெரிய விஷயம் இல்லை என்பது போல ஆரம்பித்தார். "சார், ஒங்களுக்கும் கழுத்து வலிதான?"

"ஆமாம்."

"எங்கூட ஒருவாட்டி அந்த மாடிக்கு வாங்க. ஒங்க கழுத்தக் காட்டுங்க. ஒங்கள தொட்டாங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சனிக்கெழம எவன் கையிலயாவது கழுத்தக் குடுத்துட்டுப் போறேன். ஒங்களயும் தொடலன்னா..." நிறுத்திக்கொண்டார். தொடவில்லை என்றால் என்ன செய்வார் என்பதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

நான் இதுவரை பல வைத்தியர்களிடம் போயிருக்கிறேன். தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

சின்ன அறை. ஒரு படுக்கை, முக்காலி, வருபவர்கள் தாங்கள் நிற்கிற லட்சணத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அனுப்பிரியாவுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் பேனா வைத்திருந்தாள், எழுதியதைவிட அதை வைத்துச் சுட்டிக்காட்டியதுதான் அதிகம். என்னை முக்காலியில் கண்ணாடியைப் பார்த்து உட்காரச் சொன்னாள். வலியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமைச் சொடக்கையும் சொன்னேன். கடைசியாக, "எங்க சார் இருக்கீங்க?" என்றாள். நெல்லிக்குப்பம், கடைத்தெரு பக்கம் என்றேன். கதவோரம் நின்றிருந்த ராபர்ட்டின் கண் கண்ணாடியில் அவள் கையிலேயே இருந்தது. அவள் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கை மேலே வந்தது. என் காலருக்கு மிக அருகில் வந்தது.

பேனா நுனி கண்ணாடியைத் தொட்டது. "இங்க பாருங்க சார், காது தோளுக்கு முன்னாடி எவ்ளோ தூரம் வந்திருக்கு. பேப்பர மேல தூக்கி வச்சுப் படிங்க. சலூன்ல சொடக்கு எடுக்கறத இன்னையோட வுட்டுடுங்க. கை வைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, நீங்களே பண்ணிக்கலாம்." வெந்நீர்த் துண்டு, ஒரே தலையணை, தாடையை உள்ளே இழுப்பது, எல்லாம் ராபர்ட் சொன்ன அதே வரிசை. சுடுநீர்ப் பை எடுத்து வர உள்ளே போனாள்.

நான் வெற்றியோடு ராபர்ட்டைப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை. அருகில் வந்து கிசுகிசுத்தார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டோம் சார். தப்பு பண்ணிட்டோம். ஒங்களயும் எங்க ஆளுன்னு நெனச்சுட்டாங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் மேல் வந்ததா, அப்படியும் இருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்துவிட்ட என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "கடைத்தெரு என்று சொன்னேனே, காதில் விழவில்லையா? நேராகவே கேட்டுவிடுங்கள்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அதற்குள் அவள் பையோடு வந்து நின்றாள். "என்ன கேக்கணும்?" என்றாள்.

ராபர்ட் தரையைப் பார்த்தார். வருஷக்கணக்காக வாயில் வைத்திருந்ததைத் துப்புகிறவர் மாதிரி சொன்னார். "நான் காலனின்னு சொன்னதாலதான் மேடம் என்னத் தொடல?"

அவள் முகம் இருண்டது. பையை மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபமா, அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"அன்னைக்கு ஒங்க கழுத்தப் பாக்கத்தான் எந்திரிச்சு வந்தேன்" என்றாள் கடைசியில். "வீடு எங்கன்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லும்போது ஒங்க தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு. கழுத்து கல்லாயிடுச்சு. ஏற்கெனவே ஒருத்தரு திருப்பிவுட்ட கழுத்து, என் கையும் போனா இன்னும் இறுகும்னுதான் நின்னேன். நீங்க சொன்ன வார்த்தைக்காக நிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அத வாய்தொறந்து சொல்லியிருக்கணும். தோணல எனக்கு" என்றாள்.

ராபர்ட் பையின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்தார். நம்புகிறாரா, 'இருக்கட்டும், பாப்பம்' என்று மனசுக்குள் தள்ளிவைக்கிறாரா, அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முதலாளி வைத்த கெடுவை நான் அவளிடம் சொன்னேன்.

"சனிக்கெழமைக்குள்ள முழுசா திரும்பாது, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா எளகுதுன்னு ஒங்க மொதலாளிக்குத் தெரியற அளவுக்கு வந்துடும். தெனமும் வண்டில என் கையா வரப் போவுது? ஒங்க கழுத்து எப்பிடி எளகும்னு ஒங்க கைக்குத் தெரிஞ்சாப் போதும். இங்க வாங்க."

அவர் அசையவில்லை. அவள் போய் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்பது போல அழுத்தமாகப் பிடித்து, இழுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிறுத்தினாள். "சார் கழுத்துல கை வைங்க. பின்பக்கம், ரெண்டு ஓரமும்."

ராபர்ட்டின் கை என் காலர் வரை வந்து நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னுக்கு எடுத்து பேன்ட்டில் நன்றாகத் துடைத்தார். மறுபடி கொண்டுவந்தார். மறுபடி நின்றது. "சார்..." என்றார். இத்தனை நாளாக அவருக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், அவர் விரல் ஒரு தடவைகூட என்மேல் பட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டைப் பட்டனைக் கழற்றிக் காலரைக் கீழே இழுத்துவிட்டேன். "வையுங்கள்" என்றேன்.

விரல்கள் காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தன, பயந்து பயந்து உட்கார்ந்தன.

"நிமிருங்க சார். தாடைய உள்ள இழுங்க" என்றாள் அவள். இழுத்தேன். "கைக்கு என்ன தெரியுது?"

"கயிறு மாரி இருந்துச்சு மேடம்." விரல் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தது. "இப்ப... இப்ப எளகுது."

"சார், இப்ப கண்ணு மட்டும் இடப்பக்கம் போவட்டும். பின்னாடி தல. மெதுவா."

நான் திரும்பத் தொடங்கினேன். ராபர்ட்டின் விரல் என் கழுத்தோடு கூடவே வந்தது. கண்ணாடியின் ஓரத்தில் அவர் முகம் எனக்கு இன்னும் தெரிந்தது. என் கழுத்தையே கவனித்துக்கொண்டிருந்த மனிதர் தன்னை மறந்துபோயிருந்தார். அவருடைய தாடை தானாக உள்ளே போயிற்று. கண் இடப்பக்கம் போயிற்று. அதன் பின்னால், தோள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க, தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. அனுப்பிரியா மூச்சுக் காட்டாமல் நின்றாள். அவர் கை என் கழுத்தின் மேலேயே இருந்தது.